ஒரே பங்களா, ஒரே இரவு, ஒரு கொலை: சிரிக்க வைக்கும் துப்பறியும் படத்தை எழுதி எடுப்பது எப்படி

ஒரு பங்களா, எட்டு நடிகர்கள், இருபத்து இரண்டு முதல் இருபத்தைந்து நாள் படப்பிடிப்பு. தயாரிப்புக் கணக்கில் பார்த்தால், ஒரே வீட்டுக்குள் நடக்கும் நகைச்சுவைக் கொலைக் கதைதான் புது இயக்குநருக்குக் கைக்கு அடக்கமான படம். எழுத்தில் நிலைமை வேறு. சிரித்துக்கொண்டிருக்கும் பார்வையாளர் யோசிப்பதில்லை. யோசிக்கிறவர் சிரிப்பதில்லை. தடயம் சொல்லும் வசனத்தை நகைச்சுவை வசனத்துக்கு அடுத்த வரியில் வைத்தால், தியேட்டர் சிரிப்பில் அது முழுகிப்போகும். கடைசியில் துப்பறிபவர் விளக்கும்போது, "இதை எப்பச் சொன்னாங்க?" என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். நகைச்சுவையைத் தனியாகவும் மர்மத்தைத் தனியாகவும் வைத்தால், இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது போலாகிவிடும்.

இதற்கு ஒரு விதி உண்டு. இந்த வகைப் படம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. சிரிப்பு காதுக்கு வந்தால் தடயம் கண்ணுக்கு வர வேண்டும். சிரிப்பு கண்ணுக்கு வந்தால் தடயம் காதுக்கு வர வேண்டும். இரண்டும் ஒரே புலனுக்குப் போனால் ஒன்று செத்துவிடும். திரைக்கதை, லென்ஸ், எடிட்டிங் எல்லாவற்றிலும் இதே விதியைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்கள்.

ஏன் யாரும் வெளியே போகவில்லை

ஒதுக்குப்புறமான மாளிகை என்றதும் ஊட்டி, ஏற்காடு என்று மலையேற வேண்டாம். யூனிட்டைத் தங்க வைக்கும் செலவிலேயே பட்ஜெட் கரைந்துவிடும். நீலாங்கரை, அக்கரை, பனையூர், உத்தண்டி, முட்டுக்காடு வரை சென்னை ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் கடலைப் பார்த்த பங்களாக்கள் வரிசையாக இருக்கின்றன. வடபழனி, சாலிகிராமத்திலிருந்து கேமரா, விளக்குக் கருவிகளைச் சுமந்த அவுட்டோர் யூனிட் வண்டி காலையில் கிளம்பி வந்து சேர்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், ஈ.சி.ஆரில் யாரும் தனியாக இல்லை. ஒரு போன் போட்டால் போலீஸ் வரும், செயலியைத் தட்டினால் கார் வரும். எனவே வீட்டைத் தனிமைப்படுத்தப் புயல் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னையின் பல தெருக்களில் படகு போனது. உங்கள் பார்வையாளர் இதை அனுபவித்தவர். புயல் இரவு என்று சொன்னாலே நம்புவார்.

ஆனால் எல்லாத் தொடர்பையும் ஒரே காட்சியில் வெட்டிவிடாதீர்கள். முதலில் கரண்ட் போகட்டும். பிறகு இன்வெர்ட்டர் ஓடட்டும். வசதியான பங்களாவில் இன்வெர்ட்டர் இல்லை என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள், ஆகவே அதையே ஒரு கடிகாரமாக்குங்கள். பேட்டரி தீரும்போது அது போடும் பீப் சத்தம் எந்த வசனத்தையும்விடப் பயமுறுத்தும். செல்போன் கோபுரங்களும் பேட்டரியிலும் டீசலிலும்தான் தாக்குப்பிடிக்கின்றன. அது தீர்ந்ததும் சிக்னல் போகும். கடைசியாக வாசலில் மரம் விழும். ஒவ்வொரு இழப்பும் ஒரு காட்சியை முடித்து வைக்கட்டும்.

கூடுவதற்கான காரணத்தையும் நம் வீட்டிலிருந்தே எடுங்கள். பெரியவரின் சதாபிஷேகத்துக்கு முந்தைய இரவு என்று வைத்துக்கொள்ளலாம். நாளைக் காலை நூறு பேர் வருவார்கள், இன்று இரவு எட்டுப் பேர்தான். பாகப்பிரிவினை இன்னும் கையெழுத்தாகவில்லை. மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, குடும்ப ஆடிட்டர், சமையல்காரர், பெரியவரின் பழைய நண்பரான ஓய்வுபெற்ற ஏட்டு. பெரியவரோடு எட்டு. சந்தேகத்துக்குரியவர்கள் நான்குக்குக் கீழே போனால் இடைவேளைக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். எட்டுக்கு மேலே போனால் பெயர் நினைவிருக்காது. பெயரைவிட உறவுமுறை எளிதில் மனதில் நிற்கும் என்பதால், பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் மாமா, அண்ணி, மாப்பிள்ளை, ஆடிட்டர் சார் என்றே கூப்பிடட்டும்.

சார்ட் பேப்பர் வேலை

வசனம் எழுதும் முன் இதை முடியுங்கள். பெரிய சார்ட் பேப்பரில் ஆளுக்கு ஒரு நெடுவரிசை. இரவு 8 முதல் 10:30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி, மொத்தம் 30 வரிகள். நீல மையில் அந்த ஆள் உண்மையில் எங்கே இருந்தார். சிவப்பில் எங்கே இருந்ததாகச் சொல்கிறார். பச்சையில் அவரை யார் பார்த்தார்.

பிறகு வரி வரியாகச் சரிபாருங்கள். ஒரே வரியில் இரண்டு பேரின் நீலம் ஒரே அறையைக் காட்டினால் அவர்கள் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கவில்லை என்றால் கதையில் ஓட்டை. கொலையாளியின் நீலக் கோட்டில் மாடி ஏறி, வேலையை முடித்து, இறங்கி வரும் நேரம் இருக்கிறதா? பங்களா உறுதியானதும் அங்கேயே ஸ்டாப்வாட்ச் வைத்து நடந்து பார்த்துச் சார்ட்டைத் திருத்துங்கள். எழுதும்போது ஒரு நிமிடமாக நினைத்த படிக்கட்டு, நேரில் 20 நொடியில் முடிந்துவிடும். அல்லது ஹால் வழியாகத்தான் போக முடியும், ஹாலில் எப்போதும் ஆள் இருக்கும்.

சந்தேக நபர் ஒவ்வொருவருக்கும் மூன்று எழுதுங்கள்: கொல்வதற்கு ஒரு காரணம், கொலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு ரகசியம், அந்த ரகசியத்தை மறைக்க ஒரு பொய். சிரிப்பு பெரும்பாலும் ரகசியத்தில்தான் விளையும். மடி ஆசாரமான வீட்டில், சதாபிஷேகத்துக்கு முந்தைய இரவு, மருமகள் மொட்டை மாடியில் ஒளிந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டிருக்கிறாள். கொலை நடந்த நேரத்தில் தான் எங்கே இருந்தேன் என்று நிரூபிக்க அவளிடம் இருப்பது ஒரு எலும்புத் துண்டுதான். கொலைப்பழி பெரிதா, மாமியார் வீட்டில் பிரியாணிப் பழி பெரிதா என்று அவள் தவிக்கும் காட்சி தானாகவே எழுதிக்கொள்ளும். ரகசியம் கொலையைவிடச் சிறியதாகவும், அந்த ஆளுக்கு மட்டும் கொலையைவிடப் பெரியதாகவும் இருக்க வேண்டும்.

துப்பறிபவர் எட்டும் ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று தடயம் வையுங்கள். ஒன்றைப் பார்வையாளர் தவறவிடுவார், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார், மூன்றாவது ஒட்டும்.

ஒரு தடயத்தை மூன்று முறை விதைப்பது

பெரியவர் மாடி அறையில் சாய்வு நாற்காலியில் இறந்து கிடக்கிறார். பக்கத்து ஸ்டூலில் காலி டவரா டம்ளர். அதைச் சுற்றி எறும்பு. பெரியவருக்கு நீரிழிவு, அவர் காபியில் சர்க்கரையே கிடையாது. அப்படியானால் அது அவர் குடித்த டம்ளர் இல்லை. சர்க்கரை போட்டுக் குடிக்கும் யாரோ அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். இந்த ஒரு தடயத்தை எப்படிக் கொண்டுபோவது?

முதல் விதை, படத்தின் பத்தாவது நிமிடத்துக்குள். சமையல்காரர் காபித் தட்டோடு சமையலறையில் தொடங்கி ஒவ்வொரு அறையாகப் போகிறார். வெட்டாமல் ஒரே ஷாட். தட்டு சரியப் போகிறது, மாப்பிள்ளை குறுக்கே வருகிறார், மிதியடி வழுக்குகிறது. கண் முழுக்கத் தட்டின்மேல். அந்த நேரத்தில் அவர் தனக்குத்தானே ஒப்பிக்கிறார்: "பெரியவருக்கு சர்க்கரை இல்ல, அக்காவுக்கு இல்ல, அண்ணிக்கு இல்ல, ஏட்டய்யாவுக்கு அரை, மாப்பிள்ளைக்கு மூணு, ஆடிட்டர் சாருக்கு ரெண்டு..." சிரிப்பு கண்ணுக்கு, தடயம் காதுக்கு. இந்த ஒரே ஷாட் வீட்டின் வரைபடத்தையும் பார்வையாளர் மனதில் பதித்துவிடும். எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று தெரியாத வீட்டில் மர்மம் நடத்தவே முடியாது. அதனால் இந்த ஷாட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் ஒத்திகை, மதியம் எடுப்பது.

இரண்டாவது விதையில் புலன் மாறும். எறும்பு வந்ததற்காக மகள் சமையல்காரரைக் காய்ச்சுகிறாள். அவர் எறும்புக்கு வக்காலத்து வாங்குகிறார். இந்தச் சண்டையை முழுக்கக் காதுக்குக் கொடுங்கள். பிரேமின் கீழ் ஓரத்தில் எறும்பு வரிசை டம்ளரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கேமரா அதைத் தேடிப் போகக் கூடாது. தேடிப் போனால் தடயம் என்று மணி அடித்தது போலாகும்.

மூன்றாவதில் சிரிப்பே வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் ஆடிட்டருக்குப் பாயசம் பரிமாற வருகிறார்கள். அவர் கையை இலைக்கு மேலே நீட்டி, "எனக்கு சுகர்மா" என்கிறார். அவ்வளவுதான். காபியில் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொள்பவர் பாயசத்தை ஏன் மறுத்தார் என்று இணைப்பதற்கு எல்லாம் பார்வையாளர் கையில் இருக்கிறது. மூன்று ஸ்பூன்காரரான மாப்பிள்ளைமேல் சந்தேகம் போகும்படி பிறகு திருப்பிவிடலாம்.

எறும்பை எடுக்கும் முறை: வெல்லத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு மெல்லிய கோடு போட்டுக் காத்திருந்தால் வரிசை தானாக அமையும். வர நேரம் பிடிக்கும், எனவே இதற்கு முழு யூனிட்டை நிறுத்தி வைக்காதீர்கள். உதவி இயக்குநர் ஒருவர், உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர், சின்னதை அருகிலிருந்து பெரிதாகக் காட்டும் ஒரு மேக்ரோ லென்ஸ், ஒரு சின்ன எல்.இ.டி. போதும். சூடான விளக்கு வைத்தால் எறும்பு விலகும். ஒரே பிரேமில் சண்டையும் எறும்பும் வேண்டிய அகல ஷாட்டுக்குக் கேமராவை அசைக்காமல் வைத்து, எறும்பைத் தனியாக எடுத்துப் பிறகு சேர்த்துவிடலாம்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு தடயம் வாசல் செருப்பு. உள்ளே யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதைச் செருப்பு வரிசை சொல்லும். வாசல் ஷாட் வரும் ஒவ்வொரு முறையும் போனில் படம் பிடித்து, சீன் எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி தவறுதலாக இடம் மாறினாலும் இணையத்தில் அதை வட்டம் போட்டுக் காட்டுவார்கள்.

பங்களா பார்க்கப் போகும்போது

அழகைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தாழ்வாரம்: கேமராமேன் பின்னோக்கி நடக்கவும் பக்கத்தில் லென்ஸின் ஃபோகஸைத் திருத்தும் ஃபோகஸ் புல்லர் வரவும் குறைந்தது 5 அடி வேண்டும். ஹால் கூரை 11 அடிக்கு மேல் இருந்தால் மேலிருந்து விளக்குத் தொங்கவிடலாம். மாடிப்படி ஹாலிலிருந்தே தெரிய வேண்டும். பதுங்கி இறங்குபவரையும் கீழே பேசிக்கொண்டிருப்பவர்களையும் ஒரே பிரேமில் காட்டுவதுதான் இந்த வகைப் படத்தின் பெரிய சிரிப்பு. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். மாடி அறையைத் தனியாகச் செட் போடுவதாக இருந்தால் கீல் பக்கம் மாறிவிடும். அது கலை உதவியாளருக்கு முன்பே தெரிய வேண்டும்.

புதுப் பங்களாக்களில் மூன்று பக்கமும் கண்ணாடி. இரவில் அது கண்ணாடியாக இராது, நிலைக்கண்ணாடியாகிவிடும். மொத்த யூனிட்டும் அதில் தெரியும். பகலிலேயே இரவுக் காட்சியை எடுக்க வெளிப்புறமாகக் கறுப்புத் துணி கட்ட வேண்டும். உள்ளே கட்டினால் சட்டம் மறைந்து சன்னலே இல்லாதது போலிருக்கும். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே 3, 4 அடி விட்டுக் கட்டினால், அந்த இடைவெளியில் ஒரு நீல விளக்கும் மழைக்குழாயும் வைத்துக்கொள்ளலாம். கடல் கிழக்கே இருப்பதால் கடல்பக்க அறைகளில் காலை வெயில் நேராக இறங்கும். அவற்றை மதியத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, காலையில் சாலைப்பக்க அறைகளை முடியுங்கள்.

வாடகைப் பேச்சில் தெளிவாகக் கேட்க வேண்டியவை: ஆணி அடிக்கலாமா, நாற்காலி மேசையை நகர்த்தலாமா, மேக்கப் அறை எது, கழிவறை எத்தனை, மழைக் காட்சிக்குத் தோட்டத்தை நனைக்கலாமா, நேரம் தாண்டினால் கூடுதல் எவ்வளவு. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் நாள் காலையில் சுவர், தரை, சோபா என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால், கடைசி நாள் கீறல் பஞ்சாயத்து வராது.

மின்சாரம்: வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்குக் கணக்குப்படி 3,450 வாட்ஸ் வரும். பழைய வயரிங்கை நம்பி 2,500க்கு மேல் போக வேண்டாம். 300 வாட்ஸ் எல்.இ.டி. விளக்குகளை இதில் ஓட்டலாம். அதிக மின்சாரம் இழுக்கும் பெரிய ஹெச்.எம்.ஐ. விளக்குகள் வந்தால் ஜெனரேட்டர் வேன்தான். அதை மதில் சுவருக்கு வெளியே நூறு அடியாவது தள்ளி, காற்று வீசும் எதிர்ப்புறத்தில் நிறுத்துங்கள்.

மழை, மின்னல், மெழுகுவத்தி

மழையை முன்னாலிருந்து ஒளியூட்டினால் கேமராவில் தெரியவே தெரியாது. பின்னாலிருந்து அடிக்க வேண்டும். சன்னலுக்கு மேலே ஓர் அங்குல பி.வி.சி. குழாயில் 5 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. ஓட்டை போட்டு, தோட்டத்துப் பைப்பில் இணைத்தால் சன்னல் மழைக்கு அது போதும். வாசலில் ஆள் நனையும் காட்சிக்கு மட்டும் டேங்கர் லாரியும் மழை யூனிட்டும் வரவழையுங்கள். அப்படிப்பட்ட காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே இரவில் முடித்தால் தண்ணீர்ச் செலவு ஒரு முறையோடு போகும். நிஜ மழையை நம்பி நவம்பர், டிசம்பரில் தேதி வாங்காதீர்கள். நிஜ மழை தொடர்ச்சிக்கு ஒத்துழைக்காது, விளக்கையும் நனைக்கும்.

மின்னலுக்குப் பழைய ஃபிளாஷ் வகை ஸ்ட்ரோப் வைத்தால், படத்தை வரி வரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் கேமராவில் பாதி பிரேம் வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் விழும். மின்னல் விளைவு உள்ள எல்.இ.டி.யைப் பயன்படுத்தி, ஒவ்வொரு வெட்டையும் குறைந்தது இரண்டு, மூன்று பிரேம் நீளம் வைத்தால் தப்பிக்கலாம். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 நொடி தாமதமாக வரும். புயல் நெருங்க நெருங்க அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால், காரணம் தெரியாமலே பார்வையாளருக்குப் படபடப்பு ஏறும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேமில் எடுக்கும்போது ஷட்டர் கோணத்தை 180 டிகிரியில் விட்டால் வீட்டுக் குழல்விளக்குகள் துடிக்கலாம். 172.8 டிகிரி, அதாவது 1/50 நொடி வைத்துவிடுங்கள். மெழுகுவத்திக் காட்சிகளில் மெழுகுவத்தி பிரேமில் இருக்கட்டும், முகத்துக்கான வெளிச்சம் பிரேமுக்கு வெளியே மங்கலாக்கிய மஞ்சள் எல்.இ.டி.யிலிருந்து வரட்டும். ஒன்று எச்சரிக்கை: நகைச்சுவைக்கு முகம் தெரிய வேண்டும். கண்ணும் வாயோரமும் இருட்டில் போனால், எவ்வளவு நல்ல நடிகரானாலும் சிரிப்பு வராது. மற்ற மர்மப் படங்களைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கூடுதலாக வையுங்கள்.

பிணம், ரத்தம், உடை

பிணமாக நடிப்பவர்தான் இந்தப் படத்தில் அதிக கால்ஷீட் தின்பவர். ஒரே இரவில் நடக்கும் கதையில், பிணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அவர் கிடக்கும் எல்லாக் காட்சிகளையும் ஒன்லைன் ஆர்டர் எனப்படும் படப்பிடிப்பு வரிசையில் சேர்த்து முதல் நான்கு, ஐந்து நாளில் முடித்துவிட்டு அவரை அனுப்பிவிடுங்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தால் மார்பு நடுங்கும். பாதி வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு ஷாட்டுக்கு 8 நொடிக்கு மேல் வேண்டாம். கண் மூடியிருக்கட்டும். திறந்த கண் இமைக்காவிட்டாலும் ஈரம் கோத்துக் காட்டிக்கொடுக்கும். தளர்வான ஜிப்பா போட்டு, தோள்பக்கத்திலிருந்து பிரேம் வைத்தால் வயிறு அசைவது தெரியாது. போர்த்திய நிலையில் வரும் அகல ஷாட்களுக்குத் தலையணைகளே போதும்.

ரத்தம்: 500 கிராம் லிக்விட் குளுக்கோஸ், 150 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், உணவுக்கான சிவப்புச் சாயம் 2 டீஸ்பூன், கோகோ பவுடர் 1 டீஸ்பூன், நீலச் சாயம் 2 துளி. கோகோவைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துவிட்டுச் சேர்த்தால் கட்டி தட்டாது. சிவப்பு மட்டும் போட்டால் எல்.இ.டி. வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். முந்தைய நாளே கேமராவில் சோதியுங்கள். மார்பிள் தரையிலும் பருத்தித் துணியிலும் சாயம் பிடிக்கும் என்பதால் தரையில் நிறமற்ற பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் ஊற்றுங்கள். குளுக்கோஸ் என்பதால் எறும்பு மொய்க்கும், எனவே ஷாட் முடிந்ததும் வெந்நீரால் துடைத்துவிட வேண்டும். நகைச்சுவைப் படத்தில் ரத்தம் உள்ளங்கை அகலத்தைத் தாண்டினால் தியேட்டர் இறுகிப்போய், அடுத்த ஐந்து நிமிடம் எந்த நகைச்சுவையும் எடுபடாது.

கதை ஒரே இரவு என்றால் ஆளுக்கு ஒரே உடை. அதனால் ஒவ்வோர் உடையிலும் நான்கு பிரதி தைக்க வேண்டும்: ஒன்று உடம்பில், ஒன்று சலவையில், ஒன்று நனைவதற்கு, ஒன்று கறைக்கு. சென்னை வியர்வையில் தினமும் துவைத்தாக வேண்டும். நான்கையும் எப்போதும் சேர்த்தே துவையுங்கள். ஒன்றை மட்டும் துவைத்தால் பத்தாவது நாளில் சாயம் வேறுபட்டு நிற்கும்.

நடிப்பும் கேமராவும்

தாங்கள் நகைச்சுவைப் படத்தில் இருப்பது பாத்திரங்களுக்குத் தெரியக் கூடாது. கொலையை எல்லோரும் கொலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அலறுவதற்கு ஒருவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், மற்றவர்கள் அடக்கி வாசிக்கட்டும். ஏட்டு விசாரிக்கும்போது உண்மையிலேயே நன்றாக விசாரிக்க வேண்டும். அவர் திறமைசாலியாக இருந்தால்தான் கடைசியில் அவர் சொல்வதை நம்புவோம். முதல் முறை அவர் தவறான ஆளைக் காட்டலாம், ஆனால் தர்க்கம் தவறக் கூடாது. ஒரு தகவல் குறைந்ததால் தவறியிருக்க வேண்டும்.

எட்டுப் பேர் ஹாலில் உட்கார்ந்து பேசும் காட்சியில், எல்லோருக்கும் தனித்தனி க்ளோஸ்அப் எடுத்தால் நாலு பக்கக் காட்சி இரண்டு நாள் தின்னும். 28 அல்லது 32 எம்.எம். லென்ஸில் ஆழமாக அடுக்கி நிறுத்தி, பேசுபவர் முன்னாலும் மாட்டிக்கொள்ளப் போகிறவர் பின்னாலும் தெரியும்படி வையுங்கள். இரண்டாவது கேமரா கேட்பவர்கள் முகத்திலேயே இருக்கட்டும். சாப்பாட்டு மேசைக் காட்சியில் பார்வைக்கோடு, அதாவது யார் யாரைப் பார்க்கிறார் என்பது, குழம்புவது வழக்கம். பெரியவரின் காலி நாற்காலியிலிருந்து எதிர்முனைக்கு ஒரு கோடு இழுத்து, கேமரா அந்தக் கோட்டைத் தாண்டாது என்று முடிவெடுத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

ஒரு பாத்திரம் சொல்லும் பொய் வடிவத்தையும், பிறகு வெளிவரும் உண்மை வடிவத்தையும் ஒரே நாளில், ஒரே கேமரா நிலையில் அடுத்தடுத்து எடுங்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறட்டும். பொய்யில் டம்ளர் ஒன்று, உண்மையில் இரண்டு. வேறு எதுவும் மாறாதபோதுதான் அந்த ஒன்று பளிச்சென்று தெரியும்.

சத்தம்

மார்பிள் தரையும் கண்ணாடியும் எதிரொலிக்கும். பிரேமுக்கு வெளியே ஜமக்காளங்களை விரித்து, சுவரோரம் இரண்டு தொங்கவிடுங்கள். கடல் இரைச்சல் காற்றுக்குத் தக்கபடி மாறுவதால், ஒவ்வொரு செட்டப் முடிந்ததும் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் அறை ஒலியைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் எடிட்டில் வெட்டுக்கு வெட்டு கடல் தூக்கித் தூக்கிப் போடும். முழுக்க டப்பிங் என்றால் கூட்டமாகக் கத்தும் இடங்களில் ஒவ்வொருவரையும் தனியாகப் பேச வைக்காமல் நான்கு பேரை ஒன்றாக நிற்க வைத்துப் பேச வையுங்கள். ஒருவர் பேச்சில் மற்றவர் விழும் அந்தத் தாளம் தனித்தனியாகக் கிடைக்காது. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. அலறல், இடி எல்லாவற்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முந்தைய நாளே நேரில் போய்ச் சொல்லிவிடுவது மரியாதை.

இடைவேளையும் எடிட்டிங்கும்

பாட்டு வேண்டுமா என்ற கேள்வி வரும். 1954லேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தில் பாட்டே இல்லாமல் கொலை விசாரணையை நடத்திக் காட்டிவிட்டார். பூட்டிய வீட்டுக்குள் பதற்றம் ஏறிக்கொண்டிருக்கும்போது நான்கு நிமிடம் வெளியே போய் வந்தால் மறுபடி ஏற்ற முடியாது.

இடைவேளைதான் உண்மையான சிக்கல். பப்ஸும் டீயும் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் கதையை அலசப் போகிறார்கள். உங்கள் தர்க்கத்தில் மெலிந்த இடம் எது என்று உங்களுக்கே தெரியும். அதை இடைவேளைக்கு முந்தைய இருபது நிமிடத்தில் வைக்காதீர்கள். இடைவேளைக் காட்சி கேள்வியையே மாற்றிவிட வேண்டும். எல்லோரும் சந்தேகித்த ஆள் அந்த இடத்தில் செத்துக் கிடந்தாலோ, குற்றமற்றவர் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டாலோ, வெளியே போகிறவர்கள் பழைய கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள்.

சிரிப்பு வரும் இடத்துக்குப் பிறகு கேட்பவர் முகத்தில் 12 முதல் 18 பிரேம் கூடுதலாக நிறுத்துங்கள். அந்த அரை, முக்கால் நொடி தியேட்டர் சிரிப்புக்கான இடம். மூன்று நொடிக்கு மேல் சிரிப்பு வரும் இடங்களில் அடுத்த வசனம் தகவல் எதையும் சுமக்கக் கூடாது. கடைசியில் எல்லோரையும் ஹாலில் கூட்டி விளக்கும் காட்சி எட்டு நிமிடத்துக்குள் முடியட்டும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு குறுக்கீடு, ஒவ்வொரு தடயத்துக்கும் பழைய ஷாட்டின் ஒரு துண்டு. முன்பு காட்டாத ஷாட்டை அங்கே புதிதாகக் காட்டுவது பார்வையாளரை ஏமாற்றுவது. அது மட்டும் வேண்டாம்.

முதல் கட்ட எடிட்டான ரஃப் கட்டை, கதை தெரியாத பத்துப் பேருக்குக் காட்டுங்கள். விளக்கக் காட்சிக்கு முன் நிறுத்தி, கொலையாளி யார், எதனால் அப்படி நினைக்கிறீர்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆறு பேருக்கு மேல் சரியாக எழுதினால் ஒரு தடயத்தை மங்கலாக்க வேண்டும். ஒருவர்கூட எழுதாவிட்டால், பெரும்பாலும் மூன்றாவது விதை பதியவில்லை. பாயசக் காட்சியைச் சற்று நீட்டுங்கள். இரண்டு அல்லது மூன்று பேர் சரியாக எழுதி, அதற்குக் காரணமும் சரியாகச் சொன்னால் எடிட்டை அப்படியே விட்டுவிடலாம்.

சான்றிதழுக்கு முன்

திரைக்கதை எழுதும்போதே சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் கடைசியில் தணிக்கையில் வெட்டு விழாது. சிகரெட் துண்டைத் தடயமாக வைக்காதீர்கள். புகையிலை வரும் படத்தில் தொடக்கத்திலும் நடுவிலும் விழிப்புணர்வுப் படத்துண்டு போட வேண்டும், அது தெரியும் பிரேம்களில் கீழே எச்சரிக்கை எழுத்தும் வர வேண்டும். நுணுக்கமாக மறைத்த தடயத்துக்குக் கீழே எழுத்து ஓடினால் மறைவு எங்கே இருக்கும்? வீட்டு நாயோ பூனையோ கதையில் இருந்தால் படப்பிடிப்புக்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். திரையில் தெரியும் போன் எண்ணும் வண்டி எண்ணும் நிஜமான யாருடையதாகவும் இருக்கக் கூடாது. விஷத்தின் பெயர், அளவு, கிடைக்கும் இடம் எதையும் சொல்ல வேண்டாம். கதைக்கு "காபியில் ஏதோ கலந்திருந்தது" என்பதே போதும்.

2024 முதல் யு/ஏ சான்று 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பத்தோடு வரும் கூட்டத்தை நம்பும் படம் என்றால் 16+ வாங்கிவிடாதபடி ரத்தத்தையும் கெட்ட வார்த்தையையும் எடிட்டிலேயே எடைபோடுங்கள். விண்ணப்பம் இணையவழி. தணிக்கை வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டுச் சான்றிதழுக்கு ஓடாமல், கையில் சான்று வந்த பிறகு தேதி சொல்லுங்கள். மர்மப் படத்துக்கு முதல் காட்சிக்கே கூட்டம் வர வேண்டும்; மாலைக்குள் கொலையாளியின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.